காசு எழுத்தாளர் கைக்குத்தான் வரணும்

கேள்வி: அக்கா, துப்பறியும் நாவல் ஒண்ணு எழுதி முடிச்சிருக்கேன். ஒரு பதிப்பகத்துலேர்ந்து வாட்ஸப்ல பேசினாங்க, கதை பிரமாதம், உடனே போட்டுடலாம்னு. ஆனா முதல்ல 3,800 வெள்ளி கட்டணுமாம், வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டினா 500 தள்ளுபடியாம். கட்டலாமா?
- ஈசூன் வாசகர், சிங்கப்பூர்

பதில்: கட்டாதீங்க தம்பி. கதை நல்லா இருக்குன்னு நம்புற பதிப்பகம் தன் காசைப் போட்டு அச்சடிச்சு, விக்கிற பிரதிக்கு இவ்வளவுன்னு உங்களுக்கு ராயல்டி தரும், உங்ககிட்ட கை நீட்டாது. அமெரிக்காவுல ஸ்டார் டிரெக், ஸ்டார் வார்ஸ் நாவல்லாம் எழுதின ஏ.சி. கிறிஸ்பின், விக்டோரியா ஸ்ட்ராஸ்ங்கிற இன்னொரு நாவலாசிரியரோட சேர்ந்து 1998ல 'ரைட்டர் பிவேர்' (எழுத்தாளரே, உஷார்)னு ஒரு எச்சரிக்கை அமைப்பை ஆரம்பிச்சு புது எழுத்தாளர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கிறிஸ்பின் 2013ல இறந்துட்டாங்க, அந்த வேலை நிக்கல.

இந்த மாதிரி இடங்கள்ல பாராட்டுக்கு என்ன மதிப்புன்னு தெரியணுமா? 2004ல அங்க சில அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடி, வேணும்னே படு மோசமா ஒரு நாவல் எழுதினாங்க. நடுவுல ஒரு அத்தியாயத்தையே காணோம், ஒரே அத்தியாயம் ரெண்டு தடவை வருது, ஒண்ணை கம்ப்யூட்டரே கலைச்சுப் போட்டு எழுதியிருக்கு. எங்களுக்கு நல்ல கதைதான் வேணும்னு சொல்லிக்கிட்டிருந்த ஒரு நிறுவனம் அதையும் ஏத்துக்கிச்சு! விஷயம் வெளிய வந்தப்புறம்தான் வாபஸ்.

உங்களைக் கூப்பிட்டவர்கிட்ட, கதையில கொலை செஞ்சது யாரு, ஏன் செஞ்சான்னு கேளுங்க. முழிச்சார்னா அதோட விடுங்க. சரியா சொன்னாலும் மயங்கிடாதீங்க, ஃபைலை ஏஐ கிட்ட போட்டா ஒரு நிமிஷத்துல சுருக்கம் வந்துடுது.

சொந்தக் காசுல புத்தகம் போடறது தப்பே இல்ல, நம்ம ஊர்ல தமிழ்ல நிறைய பேர் அப்படித்தான் போடறாங்க. ஆனா அப்ப நீங்கதான் முதலாளி, எத்தனை பிரதி, என்ன பேப்பர், ஒரு பிரதிக்கு என்ன விலைன்னு எழுத்துல வாங்குங்க, உரிமை உங்க பேர்லயே இருக்கட்டும். புத்தகத்துக்கான அடையாள எண், அதான் ஐஎஸ்பிஎன் நம்பரை, தேசிய நூலக வாரியத்துல நீங்களே விண்ணப்பிச்சு வாங்கிக்கலாம், புத்தகம் வந்த 4 வாரத்துக்குள்ள 2 பிரதி அவங்களுக்குக் கொடுத்துடணும். இதையெல்லாம் 'பேக்கேஜ்'னு சொல்லி காசு கேட்டா கொடுக்காதீங்க.

கேள்வி: நான் ஏற்கனவே கட்டிட்டேனே, என்ன செய்ய?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அழுதுக்கிட்டு உட்காராதீங்கம்மா. காசு வாங்கின ஆள் இங்க உள்ளவரா இருந்து, ஒப்புக்கிட்ட வேலையைச் செய்யலன்னா சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், 2 வருஷத்துக்குள்ள பதியணும். மோசடின்னு தெரிஞ்சா முதல்ல பேங்குக்கு போன் பண்ணுங்க, அப்புறம் போலீஸ்ல புகார், மோசடியான்னு சந்தேகம்னா 1799ங்கிற மோசடித் தடுப்பு உதவி எண்ல கேளுங்க. இன்னொண்ணு, போன காசை மீட்டுத் தர்றேன், அதுக்கு கட்டணம் இவ்வளவுன்னு யாராவது வந்தா, அவங்களுக்கும் ஒரு காசு கொடுக்காதீங்க.