அமெரிக்க உள்ளூர் ரேடியோ ஸ்டேஷன்கள் திடீரென்று ஆளே மாறிப்போவது ஏன்?

நேற்றுவரை கண்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற பாணி) பாட்டு போட்ட ஸ்டேஷன் இன்று விளையாட்டு அரட்டைக்கு மாறியது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். எஃப்.சி.சி. (அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தரும் உரிமம் அலைவரிசை, ஒலிபரப்புத் திறன் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும். என்ன பாட்டு என்பது முதலாளி இஷ்டம். நேயர்கள் தரப்பு வழக்காடியும், 1981-இல் உச்ச நீதிமன்றம் எஃப்.சி.சி. பக்கமே நின்றது. மாறும் சமயத்தில் சில ஸ்டேஷன்கள் ஒரே பாட்டை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போடும். விளம்பர உத்திதான், கேட்கிறவர்களுக்குத் தலைவலி!

அப்புறம் உரிமையாளர் விஷயம். ஒரே நிறுவனம் நாடு முழுக்க இத்தனை ஸ்டேஷன்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை 1996 தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கியது. கிளியர் சேனல் என்ற ரேடியோ நிறுவனம் ஆயிரத்துக்கும் மேல் வாங்கிக் குவித்தது. பெரிய நகரங்களில் ஒருவரே 8 வரை வைத்திருக்கலாம் என்றானதும், தன் ஸ்டேஷன்களே ஒன்றோடொன்று மோதாதபடி ஸ்டேஷனுக்கொரு பாணியாகப் பிரித்துவிடுகிறார்கள்.