கராஜில் ஒரு ஹாட் ராட் ரோட்ஸ்டர்: கேள்வி பதில்

என்னுடைய கார் ஒரு ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்; நிலையான கூரை இல்லாத ரோட்ஸ்டர் வகை. அதில் பாடி 1929 ஃபோர்டு மாடல் ஏ, சேஸிஸ் 1932 ஃபோர்டு, எஞ்சின் ஃபிளாட்ஹெட் வி8. கலிஃபோர்னியாவில் வீட்டுக் கராஜிலேயே கட்டி முடிக்க ஏழு வருடம் ஆனது. அதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்ட கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், மட்கார்டு இல்லாத பழைய கார் எல்லாமே ஹாட் ராட்தானா? சிலவற்றை மட்டும் "மரபு" ஹாட் ராட் என்று ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

பதில்: இல்லை. இது குறிப்பிட்ட ஒரு இடத்தில், ஒரு காலத்தில் பிறந்த கார். 1930களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துப் பையன்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டை வாங்கி, மட்கார்டு, பம்பர், கூரைத் துணி என்று எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மொஹாவி பாலைவனத்தின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரித் தரைகளில் வேகம் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்றுதான் 1937இல் தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. அன்று அந்தப் பையன்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பாகங்களை வைத்துக் கட்டுவதுதான் மரபு. ஒரு வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பாகம் வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். நான் வைத்துக்கொண்டது 1948.

மாடல் ஏ பாடிக்கு 1932 சேஸிஸ் எதற்கு என்று அடுத்து கேட்பீர்கள். மாடல் ஏ சேஸிஸ் 40 குதிரைத் திறன் உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினுக்காகச் செய்தது. 1932 சேஸிஸ் வி8ஐயும் தாங்கும்படி வந்தது. அதோடு, அதன் பக்கவாட்டில் பாடியின் வளைவையொட்டி ஒரு அழுத்தக் கோடு ஓடும். மட்கார்டைக் கழற்றினாலும் வெறுமையாகத் தெரியாது. எண்பது வருடமாக அந்தக் கோட்டைப் பார்த்து ஆட்கள் மயங்குகிறார்கள், நானும் அப்படித்தான் விழுந்தேன்.

கேள்வி: பழைய பாடியைத் தேடுவதா, புதிதாகச் செய்ததை வாங்குவதா?

பதில்: முதல் கார் என்றால் புதிது. ஓஹையோவில் புரூக்வில் ரோட்ஸ்டர் நிறுவனம் மாடல் ஏ, 1932 ஃபோர்டு பாடிகளை இரும்புத் தகட்டிலேயே செய்து தருகிறது. விலை அதிகம்தான். ஆனால் கதவின் அடிப்பகுதியும் பாடியைத் தாங்கும் அடிச்சட்டமும் துருப்பிடித்துப் போன பழைய பாடியை வாங்கி, டிங்கரிங் கற்றுக்கொண்டே சரி செய்தால் இரண்டு வருடம் போய்விடும். எனக்குப் போனது. தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். ஒரே இழுப்பில் வெல்டிங் வைத்தால் அப்பளம் போல நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு கை தள்ளி, சூடு தணிந்த பிறகு இன்னொன்று என்று பொறுமையாகப் போக வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாடல் ஏ ஃபோர்டில் அது எஞ்சின் எண்ணாகவும் இருக்கும். எஞ்சின் மாறிப்போன கார்களில் இதனாலேயே சிக்கல் வரும்.

கேள்வி: அண்ணா, ஃபிளாட்ஹெட் சூடேறும், விரிசல் விடும் என்கிறார்களே. புது வி8 போட்டால் என்ன?

பதில்: போடலாம் தம்பி, ஓடும். ஆனால் பானெட் இல்லாத காரில் எஞ்சின்தான் முகம். எனக்கு அது ஃபிளாட்ஹெட்டாகத்தான் இருக்க வேண்டும்.

சூடேறுவது உண்மை, காரணமும் தெளிவானது. வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருப்பதால், எரிந்த புகை பிளாக்குக்குள் நுழைந்து, தண்ணீர் ஓடும் பாதைகளின் நடுவே சென்று பக்கவாட்டில் வெளியேறுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் ஒரே வழி. அத்தனை சூட்டையும் ரேடியேட்டர்தான் வாங்க வேண்டும். வார்ப்படம் செய்தபோது உள்ளே தங்கிய மணல் பல பிளாக்குகளில் இன்றுவரை அப்படியே கிடக்கிறது. கம்பி விட்டுக் குடைந்து அதை எடுத்தாலே சூடு நன்றாகக் குறையும்.

விரிசல் பெரும்பாலும் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையில் வரும். நான் முதலில் வாங்கிய பிளாக்கை விற்றவர் "நல்லது" என்று சொன்னதை நம்பி, சிலிண்டர் போரிங்குக்கும் பணம் கட்டிவிட்டேன். அதன் பிறகுதான் மூன்று இடத்தில் விரிசல் தெரிந்தது. அதனால் முதலில் கொதிநீர்த் தொட்டியில் கழுவுங்கள், பிறகு காந்தப் பொடி வைத்து விரிசல் பாருங்கள், அப்புறம் அழுத்தச் சோதனை. மூன்றும் தேறினால்தான் மற்ற செலவு. தேட வேண்டியது 1946 முதல் 1948 வரை வந்த 59ஏ வகை, 239 கன அங்குலம், 100 குதிரைத் திறன்.

ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்கள் ஒழுகுகின்றன என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பெட்ரோல் அழுத்தத்தை அளந்து பாருங்கள். அவற்றுக்கு 2.5 பிஎஸ்ஐ போதும். இப்போதைய எலக்ட்ரிக் பம்ப் அதைப் போல இரண்டு மடங்கு தள்ளும், ஊசி வால்வு தாங்காது.

கேள்வி: அண்ணா, 40 மைல் வேகத்தில் என் காரின் முன் சக்கரங்கள் படபடவென்று ஆடுகின்றன. ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்பது போலத் தெரியும். காரணம் உள்ளேயே இருக்கும். தயவுசெய்து அதை முழுதாகச் சரி செய்யும் வரை ஓட்டாதீர்கள்.

முதலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங் பின் (சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் முளை), வீல் பேரிங் இரண்டில் எதில் ஆட்டம் இருந்தாலும் அங்கேயே நிறுத்தி மாற்றுங்கள். அடுத்தது காஸ்டர், அதாவது கிங் பின்னின் மேல்நுனி பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. 5 முதல் 7 டிகிரி வேண்டும். காரின் பின்பக்கத்தைத் தூக்கி, முன்பக்கத்தை இறக்கி நிறுத்துவதுதானே நமக்கு அழகு? அந்தச் சாய்வு காஸ்டரைத் தின்றுவிடும். அதனால் கார் தன் முழு எடையோடு, ஓடப்போகும் டயர்களில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். பிறகு டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் இரண்டின் முன்விளிம்பும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் அளவு. 1/16 முதல் 1/8 அங்குலம் வரை உள்நோக்கி இருக்கட்டும்.

உங்கள் படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் ராடு குறுக்காக வலது சக்கரத்துக்குப் போகிறது, ஆனால் பான்ஹார்டு ராடு இல்லை. பழைய ஃபோர்டில் முன் ஸ்பிரிங் ஒன்றே ஒன்று, குறுக்காக, இரு முனையிலும் ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்குகிறது. ஊஞ்சல் மாதிரி சேஸிஸ் இடமும் வலமும் நகரும். சேஸிஸ் நகர்ந்தால் பாக்ஸும் நகரும், பாக்ஸ் நகர்ந்தால் ராடு சக்கரத்தைத் தள்ளும். நீங்கள் திருப்பாமலே கார் திரும்பும். ஆக்சிலையும் சேஸிஸையும் பிணைக்கும் பான்ஹார்டு ராடு ஒன்றை அந்த ஸ்டியரிங் ராடுக்கு இணையாக, முடிந்தவரை அதே நீளத்தில் போடுங்கள்.

கேள்வி: மரபு என்றால் பிரேக்கும் பழைய கம்பி பிரேக்தானா?

பதில்: வேண்டாம். ஃபோர்டே 1939இல் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறிவிட்டது. அந்தப் பையன்களும் முதல் வேலையாக அதைத்தான் பிடுங்கி மாட்டினார்கள். 1939 முதல் 1948 வரை வந்த ஃபோர்டு டிரம் போதும். மாஸ்டர் சிலிண்டரை மட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ளதாகப் போடுங்கள். அது தரைப் பலகைக்குக் கீழே மறைந்திருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு குழாய் வெடித்தாலும் மற்றது நிறுத்தும்.

கேள்வி: 1929 பாடியில் கண்ணாடிக்கு முன்னால் உள்ள பெட்ரோல் டேங்கின் அடியை வெட்டிவிட்டு, கால் நீட்ட இடம் எடுக்கலாமா? டேங்க் காலியாகப் பல வருடம் ஆகிறது.

பதில்: காலி டேங்க்தான் அபாயம். வெடிப்பது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. மடிப்புகளுக்குள்ளும் துருவுக்குள்ளும் அது வருடக்கணக்கில் தங்கும். நீங்களே கிரைண்டர் வைக்காதீர்கள். டேங்க் பழுது பார்க்கும் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து, அங்கேயே வெட்டி வாங்குங்கள். இன்னொன்று: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். அது ஆளைக் கொல்லும்.

கேள்வி: நானும் என் கணவரும் சேர்ந்து கட்டுகிறோம். பாடி வேலை முடிந்தது. பெயின்ட் அடித்துவிட்டு எஞ்சினை இறக்கலாமா? கறுப்பு அடிக்க ஆசை.

பதில்: இன்னும் பெயின்ட் வேண்டாம் அம்மா. எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். முழுக் காரையும் வெறும் இரும்பில் பூட்டி, ஓட்டிப் பாருங்கள். எஞ்சின், ரேடியேட்டர், சைலன்ஸர், வயரிங், சீட் எல்லாம் வைத்து, சட்டப்படி பதிவு செய்து, சில நூறு மைல் ஓட்டுங்கள்.

ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லை. பாடியைச் சேஸிஸ்தான் விறைப்பாக வைத்திருக்கிறது. எஞ்சின் எடை ஏறியதும் சேஸிஸ் ஒரு நூலிழை வளையும், கதவு இடைவெளி மாறிவிடும். எனக்கு எஞ்சின் இறக்கிய அன்றே இடது கதவின் மேல்மூலை உரசியது. பாடி போல்ட்டுகளின் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, ஒரு மாலை முழுக்க ஏற்றி இறக்கித்தான் சரியானது. முதல் 300 மைலில் சைலன்ஸர் குழாய் தரைச்சட்டத்தில் இடித்தது, கிளட்ச் பெடலுக்கு இடம் போதவில்லை, ஹாரனுக்கு பிராக்கெட் வைக்க மறந்திருந்தேன். பெயின்ட் அடித்த பிறகு இவை தெரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் கறுப்பைச் சுரண்டி வெல்டிங் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் முழுதாகப் பிரித்து, எபாக்சி பிரைமர் அடித்து, அதன் மேல் பட்டி பாருங்கள். நீளமான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள், வெறும் கையால் தேய்த்தால் விரல் பள்ளம் விழும். கறுப்பு எந்த நெளிவையும் மன்னிக்காது. தேய்க்கும் முன் வேறு நிறத்தை மெல்லியதாகத் தூவிவிட்டால், அது அழியாமல் நிற்கும் இடமே பள்ளம். இவ்வளவும் வீட்டில் செய்யலாம். கடைசிப் பெயின்ட் பூச்சை நான் வாடகை பெயின்ட் பூத்தில் அடித்தேன். ஹார்டனர் கலந்த பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும், மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் மாஸ்க் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது எஞ்சின், சேஸிஸ், பாடி மூன்றுக்கும் எர்த் வயர் போடும் இடங்களில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். வெறும் இரும்பில் எரிந்த விளக்கு பெயின்ட்டுக்குப் பிறகு எரியாமல் போனால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: சார், நான்கு வருடமாக என் கார் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: பெட்டிகளைத் திறக்காதீர்கள். சேஸிஸை எடுத்து, இரண்டு ஆக்சிலையும் மாட்டி, கிடைத்த டயர் எதுவானாலும் போட்டுத் தரையில் இறக்குங்கள். அதன் மேல் பாடியை வைத்து, ஒரு மர ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்டியரிங் வளையத்தைக் கையில் பிடியுங்கள். வளையத்தின் உயரம், பெடலின் தூரம், உங்கள் முழங்கால் எங்கே வருகிறது என்று மூன்று அளவு கிடைக்கும். அதைச் சுவரில் எழுதிவிட்டு, ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கும் பெட்டியை மட்டும் திறங்கள்.