டாலஸ் புழுவும் தேவகோட்டை விராலும்

அன்புள்ள ஐயா,

எனக்குத் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். டாலஸில் இருக்கும் அத்தான் போன மாதம் வந்தபோது ஒரு பெட்டி நிறைய, தூண்டிலில் கோர்க்கும் மெத்தென்ற செயற்கை இரைகளை, அதாவது சாஃப்ட் பிளாஸ்டிக் இரைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். 7 அங்குலச் சுருட்டைவால் புழு, 5 அங்குலக் குச்சிப்புழு, 4 அங்குலத் துடுப்புவால் மீன், நண்டு மாதிரி ஒன்று. எல்லாம் அமெரிக்காவில் பிடிக்கும் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கானவை. கூடவே கழுத்து மடங்கிய 1/0 அளவுத் தூண்டில் முள் ஒரு பாக்கெட், தோட்டா வடிவ ஈயம் 10 கிராமில் பத்து.

கண்மாயில் விராலுக்குப் போட்டுப் பார்க்கிறேன். நாலு தடவை வீசினால் புழு தலையிலிருந்து வழுக்கி, முள்ளின் வளைவில் கொழுக்கட்டை மாதிரி சுருண்டுகொள்கிறது. இழுத்தால் பம்பரமாகச் சுற்றித் தூண்டில் நரம்பு முறுக்கேறிவிடுகிறது. தாமரைத் தண்டில் மாட்டுகிறது. விரால் அடிக்கத்தான் செய்கிறது, ஆனால் நிற்பதில்லை. வால் மட்டும் போய்விடுகிறது. "தவளையைப் போடுறதை விட்டுட்டு இது என்ன ரப்பர் வேலை" என்கிறார் பெரியப்பா. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளுக்கு முதல் காரணம் அந்த 1/0 முள். அடுத்தது 10 கிராம் ஈயமும் கோர்க்கும் விதமும். புழுக்கள்மேல் குற்றமில்லை.

முள்ளை மீனின் அளவைப் பார்த்து எடுப்பது நம் வழக்கம். மண்புழுவும் பொடிமீனும் கோர்க்கிறவரை அது சரி. சாஃப்ட் பிளாஸ்டிக்கில் முள்ளின் நுனி இரையின் உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது. மீன் கடிக்கும்போது ரப்பர் நசுங்கிக் கீழே இறங்கினால்தான் நுனி வெளியே வரும். இறங்க இடம் வேண்டும். அதனால் இங்கே இரையின் பருமனைப் பார்த்துத்தான் முள். கோர்த்து முடித்த பிறகு முள்ளின் வாயில், அதாவது தண்டுக்கும் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளியில், பாதியாவது காலியாக இருக்க வேண்டும். 5 அங்குலக் குச்சிப்புழு சுண்டுவிரல் பருமன் இருக்கும். அதை 1/0 முள்ளில் கோர்த்தால் வாய் முழுக்க ரப்பர் அடைத்துக்கொள்ளும். விரால் கடிக்கிறது, நீங்கள் வெட்டுகிறீர்கள் (ராடைச் சுண்டி இழுக்கிறீர்கள்), நுனி ரப்பரைத் தாண்டவே இல்லை. "நிற்பதில்லை" என்றீர்களே, அது இதுதான்.

குச்சிப்புழுவுக்கும் துடுப்புவால் மீனுக்கும் இதைவிடப் பெரிய 4/0 வாங்குங்கள். சுருட்டைவால் புழு ஒல்லி, அதற்கு 3/0 போதும். கம்பெனிக்குக் கம்பெனி ஒரே எண்ணில் அளவு மாறும் என்பதால் எண்ணை நம்பாமல் இரையை முள்மேல் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. கம்பி தடித்ததாக இருக்கட்டும். பாஸ் மீனின் வாயோரம் மெல்லிய தோல் உள்ள இடங்கள் உண்டு, மெல்லிய கம்பி முள்ளும் அதில் இறங்கும். விராலின் தாடை எலும்பு. 40 பவுண்டு பிரெய்டில் (பின்னிய நரம்பில்) ஓங்கிச் சுண்டினால் மெல்லிய முள் நிமிர்ந்துவிடும்.

இனி கோர்ப்பது. பாஸ்காரர்கள் டெக்சாஸ் ரிக் என்று சொல்லும் முறை. ஒஹாயோ மாநிலம் ஏக்ரனில் 1949-இல் நிக் கிரீம் என்பவர் முதல் பிளாஸ்டிக் புழுக்களை வார்த்தார். பிறகு அவருடைய தொழில் டெக்சாஸில் டைலர் என்ற ஊருக்குப் போனது. அந்தப் பக்கத்து நீர்த்தேக்கங்களில் மரங்கள் தண்ணீருக்குள் அப்படியே நிற்கும். வெளியே தெரியும் முள் எதுவானாலும் கிளையில் மாட்டும், ஆகவே நுனியைப் புழுவுக்குள் புதைத்தார்கள். கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் நம் கண்மாய்க்கு இதைவிடப் பொருத்தமான கோர்ப்பு கிடையாது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

முள்ளில் நரம்பு கட்டும் காதுக்குக் கீழே படி மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறதல்லவா, அந்தப் படியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் நுனி புழுவின் மூக்குக்குள் நேராகப் போக வேண்டும். சுமார் 6 மில்லிமீட்டர். மூக்கின் நட்டநடுவில் குத்தி, அந்த ஆழம் போனதும் வயிற்றுப் பக்கமாக வெளியே எடுங்கள். முள்ளை இழுத்து, காது தலைக்குள் மறையும்வரை கொண்டுவந்து, அரைச்சுற்று திருப்பினால் நுனி உடம்பைப் பார்க்கும். இப்போது உடனே குத்திவிடக் கூடாது. நரம்பைப் பிடித்துப் புழுவைத் தொங்கவிடுங்கள். முள்ளின் வளைவு உடம்பில் எந்த இடத்துக்கு நேராக வருகிறதோ அங்கே நகத்தால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் குத்தி முதுகில் எடுக்க வேண்டும். அச்சில் வார்த்த தையல்கோடு உடம்பில் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் நடு தவறாது. கடைசியில் முதுகுத் தோலைச் சற்று முன்னே தள்ளி, நுனியை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தோலுக்குள் செருகிவிடுங்கள். அதற்குமேல் புதைத்தால் வெட்டும்போது வராது.

முதுகு கூன் போட்டால் துளை வால் பக்கம் தள்ளிப் போயிருக்கிறது. இழுபட்டு விறைத்து நின்றால் தலைப் பக்கம் வந்துவிட்டது. சோம்பல் பார்க்காமல் கழற்றி மறுபடி குத்துங்கள். உங்கள் நரம்பு முறுக்கேறுவது முழுக்க இந்தக் கூனால்தான். வளைந்த புழு தண்ணீரில் காற்றாடி மாதிரி சுற்றும். ஒவ்வொரு முறை கோர்த்ததும் கரையோரத் தெளிந்த தண்ணீரில் இரண்டு முழம் இழுத்துப் பார்த்துவிட்டு வீசுங்கள்.

வழுக்குவதற்கு வருகிறேன். உப்புக் கலந்து வார்த்த குச்சிப்புழு ரொம்ப மிருது, மூக்குத் துளை சீக்கிரம் கிழியும். கண்மாயில் ஒவ்வொரு தாமரைத் தண்டும் அதைப் பிடித்துப் பின்னால் தள்ளும். தடித்த தங்கூசி (நைலான்) நரம்பில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, புழுவின் தலையையும் உள்ளே இருக்கும் முள்ளின் காதையும் சேர்த்துக் குறுக்கே செருகி, நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரித்துவிடுங்கள். பிறகு தலை நகராது. சூப்பர் க்ளூ ஒரு சொட்டும் வேலை செய்யும்.

ஈயத்தைப் பற்றி. பாஸ் பல சமயம் அடியில் மேயும் இரையை எடுக்கும், அதற்குத்தான் தோட்டா ஈயம். விரால் மூச்சுவிட மேலே வந்து போகிற மீன், கண்மாயில் பாதிக்கு மேல் மூன்றடித் தண்ணீர். 10 கிராம் ஈயம் சேற்றில்தான் போய்ச் சொருகும். தாமரைக்குள் ஈயமே வேண்டாம். குச்சிப்புழுவுக்கு அதன் உப்பே எடை, வெறுமனே வீசலாம். துடுப்புவால் மீனுக்கு மட்டும், முள்ளின் தண்டிலேயே 3 கிராம் ஈயம் வார்த்த வகை இருந்தால் வயிறு கீழே நிற்கும், இல்லாவிட்டால் மல்லாந்துவிடும். மடைக்குழி, கலிங்கடி மாதிரி ஆழமான இடத்துக்கு 5 கிராம் தோட்டா போதும். அங்கேயும் ஈயம் தனியே, புழு தனியே என்று ஒரு செடித்தண்டின் இரண்டு பக்கம் தொங்கிவிடாமல் இருக்க, ஈயத்தின் துளையில் நரம்போடு ஒரு ஈர்க்குச்சித் துண்டை அழுத்தி ஒடித்துவிடுங்கள். விளக்குமாற்றில் நிறைய இருக்கிறது, இதற்கென்று கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வால் மட்டும் போவதற்கு நீளம் காரணம். விரால் பின்னாலிருந்து வந்து வாலைக் கவ்வும். 7 அங்குலப் புழுவில் முள் முன் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. தலைப் பக்கம் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுக் கோர்த்தால் முள் வாலுக்கு அருகே வரும். அசைவு வாலில்தான் இருக்கிறது என்பதால் அதில் கை வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் விராலுக்கு உங்கள் பெட்டியில் முதல் இடம் 4 அங்குலத் துடுப்புவாலுக்கு. இலைமேல் விழுந்து, சறுக்கி, அடுத்த இடைவெளியில் தண்ணீரில் இறங்கும்போது ஒரு நொடி நிறுத்தினால் அடி அங்கேதான் விழும். அடித்ததும் பதறி வெட்டாமல், ராடைத் தாழ்த்தி, தொங்கும் நரம்பைச் சுற்றி, கனம் கையில் தெரிந்த பிறகு ஓங்கி வெட்டுங்கள்.

நிறத்தை நீங்கள் கேட்கவில்லை, நல்லது. மழைக்குப் பின் செம்மண் கலங்கிய தண்ணீரில் கறுப்பு அல்லது கருநீலம், தெளிந்தபின் பச்சையோ வெள்ளியோ. அதற்குமேல் யோசிப்பது கடைக்காரருக்குத்தான் லாபம்.

தவளைக்குப் பதில் இது எதற்கு என்ற பெரியப்பாவின் கேள்வியில் நியாயம் உண்டு. தாமரை இலை நெருக்கமாக மூடிய இடத்தில் மேலே மிதக்கும் ரப்பர் தவளையை எந்தப் புழுவும் வெல்லாது. தவளை மேலேயே போகும். அதைப் பின்தொடர்ந்து வந்து அடிக்காமல் திரும்பும் மீனுக்கு ஓரடி கீழே போகும் புழு வேண்டும். இரண்டு ராடு கொண்டுபோனால் சண்டையே இல்லை.

சிவந்த குஞ்சுக் கூட்டம் தண்ணீர்மேல் கொதிப்பது போலத் தெரிந்தால் அதன்மேல் வீசாதீர்கள். அடியில் காவல் நிற்கும் தாயும் தகப்பனும் பசியில்லாமலேயே அடிக்கும், அவற்றைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளைக் கெண்டையும் கெளுத்தியும் முடித்துவிடும். கண்மாயில் மீன்பாசி (மீன்பிடி) குத்தகை யாரிடம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். ஊருணி என்றால் ஊரில் அனுமதி இருந்தால் மட்டும். அங்கே செம்புராங்கல் படியில் உரசினால் பிரெய்டு அரம் பட்டதுபோலப் பிய்யும், முன்னால் ஒரு முழம் தடித்த முன்நரம்பு (லீடர்) கட்டிக்கொள்ளுங்கள். கிழிந்த புழுவைத் தண்ணீரில் எறிய வேண்டாம். மக்காது, மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கும்.

பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியும் வைக்காதீர்கள்: நிறம் ஒன்றுக்கொன்று ஒட்டும், சூயிங்கம் மாதிரி நீளும் வகை ரப்பர் சாதாரண வகையோடு சேர்ந்தால் இரண்டும் உருகிக் கூழாகும். வந்த கவரிலேயே இருக்கட்டும். வால் ஏற்கெனவே கோணியிருந்தால் கொதித்து இறக்கிய தண்ணீரில் சில நொடி முக்கி, தட்டையான இடத்தில் நேராகக் கிடத்தி, பச்சைத்தண்ணீரில் போட்டு எடுங்கள்.

நண்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது கல் அடுக்கிய கரையோரம் மெதுவாகத் தத்தவைக்க மட்டும். அத்தான் அடுத்த முறை வரும்போது புழு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தடித்த கம்பியில் 4/0 இரண்டு பாக்கெட், தண்டில் 3 கிராம் ஈயம் வார்த்தது ஒரு பாக்கெட். இப்போது இருக்கும் 1/0 முள்ளில் மண்புழு கோர்த்து கெளுத்திக்குப் போடலாம்.