மும்பையில் தெருப் பூனைகளுக்கு மாநகராட்சி இலவசமாகக் கருத்தடை செய்யுமா? வீட்டுப் பூனைக்கும் உண்டா?

தெருப் பூனைக்கு உண்டு. வீட்டுப் பூனைக்கு நீங்கள்தான் செலவழிக்க வேண்டும். 2023-இல் வந்த விலங்குக் கருத்தடை விதிகள் அப்படித்தான் பிரிக்கின்றன: தெருவில் திரிபவை உள்ளாட்சியின் பொறுப்பு, வளர்ப்பவை வளர்ப்பவரின் பொறுப்பு.

மாநகராட்சி இதைத் தொண்டு அமைப்புகள் மூலம் செய்கிறது. நீங்கள் தாராவி என்றால் ஜி நார்த் வார்டில் கேளுங்கள். ஆனால் ஒன்று, மீன்காரம்மா போடும் செவுளுக்குக் கூடுகிற கூட்டத்தில் ஒன்றிரண்டை மட்டும் பிடித்துக் கொடுத்துப் பயனில்லை. ஐந்து மாதக் குட்டியே சினையாகிவிடும். ஒன்பது வாரத்தில் ஈன்றும்விடும். சந்தில் உள்ள அத்தனையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலத்தோடு தீனியை நிறுத்திவிட்டுக் கூண்டில் துண்டுக் கருவாடு வையுங்கள், தானாக வரும். காது நுனி நறுக்கியிருந்தால் அதற்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டது, விட்டுவிடலாம்.