கோல் கம்பத்திலிருந்து சுரங்கம் வரை: ஆர்தர் வார்ட்டன் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் ஆர்தர் வார்ட்டன் என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ வாட்சன் அவருக்கு முன்பே ஆடியவர் ஆயிற்றே?

வாட்சன் முன்னவர்தான். 1881இல் ஸ்காட்லாந்து அணிக்குக் கேப்டனாக நின்று இங்கிலாந்தை 6-1 என்று வென்றவர். ஆனால் அப்போது யாரும் வெளிப்படையாகச் சம்பளம் வாங்கி ஆட முடியாது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அதை 1885இல்தான் அனுமதித்தது. வார்ட்டன் 1889இல் ரோதர்ஹாம் டவுன் கிளப்பில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். வாட்சனும் பிற்பாடு இங்கிலாந்தின் பூட்டில் (Bootle) என்ற ஊர்க் கிளப்பில் பணம் பெற்றிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 'யார் முதல்' என்ற வழக்கைவிட, பந்து பிடித்துக் கூலி வாங்கிய ஒருவர் அந்தக் காலத்தில் எப்படிப் பிழைத்தார் என்பதுதான் என்னை ஈர்க்கிறது.

கேள்வி: எந்த ஊர்க்காரர்?

1865 அக்டோபர் 28 அன்று அக்ராவின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். அன்று கோல்ட் கோஸ்ட், இன்று கானா. அப்பா ஹென்றி, கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து வந்த, மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியர். அம்மா வழியில் அந்த மண்ணின் ஃபான்டே இன அரச குடும்பத்து உறவு. மகனும் ஊழியத்துக்குப் போகவேண்டும் என்றுதான் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். டார்லிங்டனில் கல்லூரிக்குப் போனவரை மைதானம் இழுத்துக்கொண்டது.

கேள்வி: அண்ணா, அவர் பெரிய ஓட்டக்காரராமே? அவ்வளவு வேகமான ஆளை ஏன் கோல்கீப்பராக நிறுத்தினார்கள்?

நல்ல கேள்வி தம்பி. 1886 ஜூலையில் லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நடந்த அமெச்சூர் தடகளச் சங்கப் போட்டியில் 100 கஜத்தை 10 விநாடியில் ஓடி வென்றார். மறு ஆண்டும் அந்தப் பட்டம் அவருக்கே.

இனி கோல்கீப்பர் விஷயம். இன்றைய ஆட்டத்தை மனதில் வைத்துப் பார்த்தால் இது புரியாது. அப்போது கோல்கீப்பர், கோலுக்கு முன்னால் இன்று கட்டம் போட்டிருக்கும் பெனால்டி ஏரியாவைத் தாண்டியும் பந்தைக் கையால் தொடலாம். 1912இல்தான் அதற்கு எல்லை கட்டினார்கள். எதிரணி ஆட்களும் கோல்கீப்பர் மேல் பாய்ந்து இடித்துத் தள்ளலாம். வெளியே பாய்ந்து பந்தை எடுக்க வேகம் வேண்டும், இடி வாங்க உடம்பும் வேண்டும். வார்ட்டனிடம் இரண்டும் இருந்தன. சில ஆட்டங்களில் விங்கிலும், அதாவது மைதான ஓரமாகப் பந்தோடு ஓடும் இடத்திலும், ஆடியிருக்கிறார்.

அவர் விளையாட்டைப் பார்த்த ஒருவர் 1942இல் ஷெஃபீல்டுப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வார்ட்டன் குறுக்குக் கம்பத்தை எம்பிப் பிடித்துத் தொங்கி, பந்தைக் கால்களுக்கிடையில் பிடித்தாராம். பாய்ந்து வந்த மூன்று பேரும் வலைக்குள் போய் விழுந்தார்களாம். அவர் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் ஒருவர் பேனா எடுத்து இதை எழுதியிருக்கிறார் என்றால், அவர் ஆட்டம் எப்படி மனதில் நின்றிருக்க வேண்டும்!

கேள்வி: பிரெஸ்டன் கிளப்பை விட்டு விலகியது முட்டாள்தனம் இல்லையா?

இப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1886-87இல் பிரெஸ்டன் நார்த் எண்டுக்காக இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி வரை ஆடினார். அதில் வெஸ்ட் பிராம்விச் அணியிடம் தோற்றார்கள். 1888இல் ஓட்டப் பந்தயத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த சீசனில் பிரெஸ்டன் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் முதல் லீக் பட்டத்தை வென்றது, கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. கேட்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் லீக் என்ற ஏற்பாடே அந்த ஆண்டுதான் தொடங்கியது, அது நிலைக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஷெஃபீல்டு ஓட்டப் பந்தயங்களிலோ கையில் காசு கிடைத்தது. பிழைக்க வேண்டிய மனிதர் காசு இருக்கும் பக்கம் போனார்.

கேள்வி: நிறவெறியைச் சந்தித்தாரா?

சந்தித்தார். அவரை இங்கிலாந்து அணிக்கு எடுக்கலாம் என்ற பேச்சு பத்திரிகைகளில் எழுந்தது, எடுக்கவே இல்லை. 1887இல் ஒரு பத்தி எழுத்தாளர் அவர் நிறத்தை இழித்து, கோலில் வேடிக்கை காட்டுகிறார் என்று எழுதினார். அதே துணிச்சலைத்தான் மேலே சொன்ன கடிதக்காரர் ஐம்பது வருஷத்துக்கு மேல் நினைவில் வைத்திருந்தார்.

கேள்வி: லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடியிருக்கிறாரா?

ஆடினார், ஷெஃபீல்டு யுனைடெட்டில். 1894இல் சேர்ந்தார். துரதிர்ஷ்டம், அதே நேரத்தில் வில்லியம் ஃபோல்க் என்ற இளம் ராட்சதக் கோல்கீப்பரும் அங்கே வந்தார். முப்பதை நெருங்கிய வார்ட்டன் மாற்று ஆளாக உட்கார வேண்டியதாயிற்று. 1895 பிப்ரவரியில் சண்டர்லாந்துக்கு எதிராக ஆடிய ஓர் ஆட்டம் போதும், முதல் டிவிஷனில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்று ஆனார்.

கேள்வி: ஐயா, ஓய்வுக்குப் பிறகு?

அதற்கு முன்பே தடுமாற்றம்தான். ஸ்டேலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட், கடைசியாக ஸ்டாக்போர்ட் கவுண்டி என்று கிளப் கிளப்பாக மாறினார். ஆஷ்டன் கிளப் 1899இல் திவாலே ஆகிவிட்டது. அன்றைய வீரருக்கு சேமநிதியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. சீசன் முடிந்தால் அடுத்த கிளப்பைத் தேட வேண்டும். ரோதர்ஹாமில் ஆடிய காலத்தில் பப் நடத்தியும் பார்த்தார். 1902இல் ஆட்டத்தை நிறுத்தியபின் யார்க்ஷயரில் நிலக்கரிச் சுரங்க வேலை. எட்லிங்டனில், சுரங்கத்துக்குள் பாரம் இழுக்கும் பிரிவில் கூலியாளாக இருந்தார். 100 கஜத்தை 10 விநாடியில் ஓடிய கால்கள் அவை. இதை எப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. 1930 டிசம்பர் 13 அன்று காலமானார். பெயர்கூடப் பொறிக்காத ஏழைகள் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: இங்கிலாந்து போகிறேன். அவர் நினைவாக ஏதாவது பார்க்க முடியுமா?

எட்லிங்டன் கல்லறைக்குப் போங்கள், டான்காஸ்டருக்குப் பக்கம். ஷெஃபீல்டில் கால்பந்து நிறவெறிக்கு எதிராக இயங்கும் ஓர் அமைப்பு முயன்றதால் 1997இல் அங்கே கல்லறைக்கல் வைத்தார்கள். பர்ட்டன் நகருக்கு அருகில் இங்கிலாந்து அணியின் பயிற்சி மையமான செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் 2014இல் வெண்கலச் சிலையும் நிறுவினார்கள். எம்பிப் பந்தைத் தட்டிவிடும் கோலத்தில் நிற்கிறார். டான்காஸ்டர் வரை போனால், அவர் சம்பளத்துக்கு ஆடிய ரோதர்ஹாமும் கிட்டத்தில்தான். எட்லிங்டன், ரோதர்ஹாம் இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.