டாக்டரேட் படிக்க வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 28 வயசு, சொந்த ஊர் குடியாத்தம். எம்.எஸ்சி எலக்ட்ரானிக் மீடியா முடிச்சிட்டு சென்னைல ஒரு அனிமேஷன் கம்பெனில 4 வருஷம் 4 மாசமா வேலை பாக்கறேன், கைக்கு 46,000 வருது, பேசிக் 24,000. எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல விடிய விடிய நடக்கற தெருக்கூத்தோட அடவுகளை, உடம்பு அசைவை அப்படியே டிஜிட்டலா பதியற மோஷன் கேப்சர்ல எடுத்து, அதை கம்ப்யூட்டர் புரிஞ்சிக்கற மாதிரி மாத்தற ஆராய்ச்சி பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. இங்கிலாந்துல டிஜிட்டல் மீடியா பிஎச்டிக்கு சீட் வாங்கித் தர்றேன், 40 லட்சம் லோன் போட்டா போதும், அப்பா பேர்ல இருக்கற வீட்டுப் பத்திரத்தை கொடுங்கன்னு ஏஜென்ட் ஒருத்தர் சொல்றார். அப்பாவுக்கு 61, முட்டி வலியால தறி ஓட்டறத நிறுத்திட்டார். தம்பி இன்ஜினியரிங் மூணாவது வருஷம். வீட்டுக்கு மாசம் 15,000 அனுப்பறேன். எஃப்டி 2.6 லட்சம் இருக்கு, சீட்டு எடுத்தா 1 லட்சம் வரும், அம்மா நகை மேல 1.4 லட்சம் கடன் இருக்கு. பத்திரத்தை கொடுக்கலாமா?

பதில்: முதல்ல அந்தப் பத்திரத்தை பீரோவுலயே வச்சு பூட்டுங்கம்மா. மீதிய அப்புறம் பேசலாம்.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நான் ஆற்காடு பக்கத்து பொண்ணு, சின்ன வயசுல பாட்டி மடில படுத்துக்கிட்டு அர்ச்சுனன் தபசு பாத்தவ, அந்த கட்டை கட்டின வேஷக்காரர் திரைக்குப் பின்னாடியிருந்து பாடிக்கிட்டே வெளிய வர்ற நேரம் வயித்துல ஒரு பயம் வருமே, அது இன்னும் ஞாபகம் இருக்கு. அதனால உங்க ஆசைய நான் சின்னதா நினைக்கல. நீங்க கண்டிப்பா படிக்கணும்ன்ற முடிவோடதான் இந்த கணக்கை போடறேன்.

பிஎச்டின்றது எம்பிஏ மாதிரி காசு கட்டி வாங்கற படிப்பு கிடையாது. முழுநேர பிஎச்டின்னா யாராவது உங்களுக்கு சம்பளம் மாதிரி மாசா மாசம் தரணும். கலை, மீடியா, கம்ப்யூட்டிங் மூணும் சேர்ற உங்க துறைல இது இன்னும் முக்கியம், ஏன்னா முடிச்சதும் பெரிய சம்பளம் கன்ஃபார்ம்னு சொல்ல முடியாது, காலேஜ்ல வாத்தியார் வேலை, ஸ்டுடியோ வேலை, கேம் கம்பெனி, மியூசியம்னு எங்க வேணா போவீங்க, எப்போ கிடைக்கும்னும் தெரியாது. அப்படிப்பட்ட வருமானத்தை நம்பி 40 லட்சம் வாங்கினா என்ன ஆகும்னு பாருங்க. வருஷத்துக்கு 10 லட்சமா 4 வருஷத்துல பணம் ரிலீஸ் ஆகுதுன்னு வச்சிக்கலாம், வட்டி 11 சதவீதம். படிக்கறப்ப கட்ட வேண்டாம்னு சொல்வாங்க, ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். முதல் வருஷம் 1.1 லட்சம், அடுத்து 2.2, அப்புறம் 3.3, 4.4, முடிச்சப்புறம் தர்ற ஒரு வருஷ அவகாசத்துக்கு இன்னொரு 4.4. மொத்தம் 15.4 லட்சம் வட்டி மட்டும். 55.4 லட்சத்துல இருந்துதான் இஎம்ஐ ஆரம்பிக்கும், 10 வருஷத்துக்கு மாசம் 76,000 பக்கம். இன்னைக்கு உங்க கைக்கு வர்றதே 46,000. அப்பா உக்காந்து நெய்ஞ்சு கட்டின வீடும்மா அது.

வரி திரும்பி வரும்னு ஏஜென்ட் சொல்லியிருந்தா அதையும் சொல்லிடறேன். கல்விக்கடனுக்கான வரிச் சலுகைன்றது பழைய வரி முறைல இருக்கறவங்களுக்கு மட்டும், வட்டிக்கு மட்டும், கட்ட ஆரம்பிச்சதுல இருந்து 8 வருஷம் வரைக்கும்தான். வரி கட்டற அளவுக்கு வருமானமே இல்லாதப்போ அதால ஒரு ரூபா பிரயோஜனம் இல்ல.

சரி, பணம் தர்ற வழி எது? முதல் வழி யுஜிசி நெட்ன்ற தேசிய தகுதித் தேர்வை எழுதி ஜேஆர்எஃப்ன்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கறது. 2023 ஜனவரில இருந்து முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் அதோட அடுத்த கட்டமான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. அஞ்சு வருஷத்துக்கு கூட்டினா சரியா 24 லட்சம். ஹாஸ்டல் கிடைக்கலைன்னா வீட்டு வாடகைப்படி தனி. ஏஜென்ட் உங்கள 40 லட்சம் கட்ட சொல்றார், இங்க உங்களுக்கு 24 லட்சம் கைல வருது, இந்த வித்தியாசத்தை அப்பாகிட்ட உக்கார வச்சு சொல்லுங்க. ஜேஆர்எஃப்க்கு பொதுவா வயசு வரம்பு 30, பெண்களுக்கு 5 வருஷம் தளர்வு இருக்கு, அதனால வயசாயிடுச்சுன்னு பதட்டம் வேண்டாம். ரெண்டு பேப்பரும் சேர்த்து 3 மணி நேரம், 300 மார்க், தப்பா போட்டா மார்க் குறைக்க மாட்டாங்க, ஒரு கேள்விய கூட விட்டுட்டு வராதீங்க. உங்க எம்.எஸ்சிக்கு மாஸ் கம்யூனிகேஷன் பேப்பர்தான் பொருந்தும்.

ரெண்டாவது, ஐஐடிங்க. ஐஐடி பாம்பேல ஐடிசின்னு டிசைன் ஸ்கூல் இருக்கு, 1969ல ஆரம்பிச்சது, ஐஐடி குவாஹாட்டிலயும் டிசைன் டிப்பார்ட்மெண்ட் இருக்கு, ரெண்டுலயும் பிஎச்டி உண்டு. ஐஐடில தர்ற உதவித்தொகையும் அதே 37,000, 42,000 தான். பக்கத்துலயே வேணும்னா காட்பாடில விஐடி இருக்கு, வீட்ல இருந்தே போகலாம், ஆனா எந்த யூனிவர்சிட்டியா இருந்தாலும் மாசம் எவ்வளவு, எத்தன வருஷம், ஃபீஸ் தள்ளுபடியா இல்லையான்னு எழுத்துல வாங்கின அப்புறம்தான் சேரணும். முழுநேரமா வந்து உக்காரணும், உதவித்தொகை கிடையாது, ஃபீஸ் மட்டும் கட்டணும்னு யார் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க.

வெளிநாடு போகவே கூடாதுன்னு நான் சொல்லல. அமெரிக்கால ஜார்ஜியா டெக்ல டிஜிட்டல் மீடியான்ற பேர்லயே பிஎச்டி இருக்கு, சியாட்டில்ல வாஷிங்டன் யூனிவர்சிட்டில டிஎக்ஸ்ஆர்ட்ஸ்னு ஒண்ணு, கலிஃபோர்னியால சாண்டா பார்பராவுல மீடியா ஆர்ட்ஸ் அண்ட் டெக்னாலஜி. ஆர்டிஸ்டும் கோடிங் தெரிஞ்சவங்களும் ஒரே லேப்ல உக்கார்ற இடங்கள். அங்கெல்லாம் அசிஸ்டன்ட்ஷிப் கிடைச்சா ஃபீஸ் தள்ளுபடி ஆகி ஸ்டைபண்டும் வரும், வாரத்துக்கு 20 மணி நேரம் பாடம் எடுக்கவோ லேப் வேலையோ செய்யணும். இங்கிலாந்துலயே கூட யூகேஆர்ஐன்ற அரசாங்க நிதில 2021ல இருந்து வெளிநாட்டு பசங்களையும் எடுக்கறாங்க, இடம் கொஞ்சம்தான், ஆனா போட்டி போட்டு வாங்கலாம். அந்த மாதிரி நிதியோட போறதுக்கு ஏஜென்ட் எதுக்கு? நேரா அந்த புரொஃபசருக்கு மெயில் போட்டு உங்க கூத்து வீடியோவ காட்டற வேலை அது. ஏஜென்டுக்கு நீங்க ஃபீஸ் கட்டினாதான் கமிஷன், அதனால ஸ்காலர்ஷிப் பத்தி அவர் வாயே திறக்க மாட்டார்.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வர்றேன். உதவித்தொகை சேங்ஷன் ஆகறது வேற, கைக்கு வர்றது வேற. என் தம்பிக்கு ஒரு யூனிவர்சிட்டில ஃபெலோஷிப் கிடைச்சு வீடே கொண்டாடுச்சு, சேர்ந்து 8 மாசம் ஒரு பைசா வரல. ஒரு தடவை சைன் இல்ல, ஒரு தடவை ஃபைல் வேற ஆபீஸுக்கு போயிருக்கு, இன்னொரு தடவை அக்கவுண்ட் நம்பர் தப்பு. லீவுக்கு வர்றப்பல்லாம் சத்துவாச்சாரி பேங்க்ல பாஸ்புக்கை என்ட்ரி போட்டு எடுத்துட்டு வந்து என் முன்னாடி வைப்பான், 500 எடுத்தது, 200 எடுத்தது, 300 எடுத்ததுன்னு வரிசையா இருக்கும், வரவு பக்கம் வெள்ளையா இருக்கும். எங்ககிட்ட கேக்க கூச்சப்பட்டுக்கிட்டு மெஸ் பில்லுக்கும் ரூம் வாடகைக்கும் வெளிய 60,000 மூணு வட்டிக்கு வாங்கிட்டான். மாசம் 1,800, எட்டு மாசத்துக்கு 14,400 வட்டி. அப்புறம் மொத்தமா அரியர் வந்துச்சு, வந்து என்ன, வட்டி போனது போனதுதான், அந்த வருஷம் அவன் படிச்ச படிப்பும் அரைகுறை. நான் நிதி ஆலோசகரா இருந்துக்கிட்டே என் தம்பிக்கு இதை முன்னாடியே சொல்லாம விட்டுட்டேன்னு இன்னைக்கும் மனசு அடிச்சிக்கும். அதனாலதான் பிஎச்டி போற எல்லாருக்கும் 9 மாச செலவு கைல இல்லாம கிளம்பாதீங்கன்னு சொல்றேன்.

உங்களுக்கு அது எவ்வளவுன்னா, வீட்டுக்கு 15,000, உங்க ஹாஸ்டல், மெஸ், கைச்செலவுக்கு 10,000, ஆக மாசம் 25,000, ஒன்பது மாசத்துக்கு 2.25 லட்சம். உங்க எஃப்டி 2.6 லட்சம் அப்படியே அதுக்குன்னு இருக்கட்டும். தம்பி ஃபீஸுக்கோ சொந்தக்காரங்க கல்யாணத்துக்கோ அதுல கை வைக்க விடாதீங்க.

அடுத்து, இப்பவே ராஜினாமா பண்ணாதீங்க. இன்னும் 8 மாசம் இருந்தீங்கன்னா 5 வருஷம் முடியும், கிராஜுவிட்டி, அதாவது சர்வீஸுக்காக கம்பெனி தர்ற பணிக்கொடை, கைக்கு வரும். கணக்கு இதான், கடைசி பேசிக் 24,000 பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் 5 வருஷம், 69,230 ரூபா. ராஜினாமாவை இப்ப கொடுத்தா அந்தப் பணம் உங்களுக்கு இல்ல. பிஎஃப் பணத்தையும் தொடாதீங்க, அங்கேயே கிடந்தா வட்டி வரும், 5 வருஷ சர்வீஸுக்கு முன்னாடி எடுத்தா வரி வேற பிடிப்பாங்க. கிராஜுவிட்டி 69,000, சீட்டு 1 லட்சம், ரெண்டையும் சேர்த்தா அம்மா நகைய மீட்டுட்டு கையில 29,000 மிச்சம் நிக்கும், அதுல ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுங்க. கம்பெனி பாலிசில அப்பா அம்மா பேர் இருந்தா வேலைய விட்டதும் அது போயிடும், அப்பா முட்டிக்கு சிஎம்சி போக வேண்டி வந்தா எஃப்டிதான் உடையும். அதே கம்பெனிகிட்ட தனி பாலிசியா மாத்தித் தர முடியுமான்னு ராஜினாமாவுக்கு முன்னாடியே கேளுங்க. இந்த 8 மாசத்துல ராத்திரி 2 மணி நேரம் நெட்டுக்கு படிச்சா போதும், வருஷத்துக்கு ரெண்டு தடவை வைக்கறாங்க, ஒண்ணு கை விட்டாலும் இன்னொண்ணு இருக்கு.

வேலைய விடாம பார்ட்டைம்ல பண்ணலாமேன்னு தோணும். யுஜிசி 2022 விதிப்படி முடியும், ஆபீஸ்ல என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லன்ற கடிதம், வாங்கணும். ஆனா உங்க ஆராய்ச்சிக்கு அது சரிப்படாதுன்னு நினைக்கறேன், கூத்து ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிஞ்சுதான் முடியும், பங்குனில இருந்து ஆடி வரைக்கும் ஊர் ஊரா பாரதம் நடக்கும், காலைல நேரா சென்னை ஆபீஸுக்கு ஓட முடியுமா? மூணு வருஷம் குறைஞ்சபட்சம், ஆறு வருஷம் அதிகபட்சம், பெண்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கூட தருவாங்க, அவ்வளவு நாள் ரெண்டு பக்கமும் உடம்பு தாங்காது.

ஒரு செலவை நீங்க எழுதவே இல்ல. கூத்துக்காரங்களுக்கு நீங்க கொடுக்க வேண்டிய காசு. அவங்க சீசன்ல ஒரு ராத்திரி ஆட்டம்னா ஒரு குடும்பத்தோட சோறு, அவங்கள லேபுக்கு கூட்டிட்டு வந்து உடம்பு முழுக்க சென்சார் கட்டி அரை நாள் ஆட விட்டா அதுக்கு கூலி தரணும். ஜேஆர்எஃப்ல ஆராய்ச்சியோட சில்லறைச் செலவுக்கு கண்டிஜென்சின்னு தர்றது கலைத்துறை பக்கம்னா முதல் ரெண்டு வருஷம் ஆண்டுக்கு 10,000, சயின்ஸ் பக்கம்னா 12,000, இதுல ஒரு குழுவுக்கு பஸ் சார்ஜும் சாப்பாடும் வந்தா பெருசு. அதனால எந்த கைடுகிட்ட போனாலும் இந்த ரெண்டு கேள்விய கேளுங்க, மோஷன் கேப்சர் லேப் உங்ககிட்ட இருக்கா, கலைஞர்களுக்கு கொடுக்க ப்ராஜெக்ட்ல பணம் இருக்கா. புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் போட்டா உடம்புல ஒட்டற மார்க்கர் கேமராவுக்கு தெரியாம மறையுமே, அதுக்கு என்ன பண்ணுவீங்கன்னும் கேட்டுப் பாருங்க. யோசிச்சு பதில் சொல்றவரை கைடா எடுங்க. இயந்திரத்தை உங்க சொந்தக் காசுல மட்டும் வாங்கிடாதீங்க.

இந்த வாரம் ஏஜென்டுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க, அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தா ரசீதோட திருப்பி கேளுங்க. நெட் அப்ளிகேஷன் போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, அதுக்குள்ள நகைக்கடன் பேங்க்ல என்ன வட்டின்னு கேட்டு வைங்க, 9 சதவீதத்துக்கு மேல இருந்தா சீட்டை இப்பவே எடுத்து கொஞ்சம் அடைக்கலாமான்னு பாத்து சொல்றேன்.