குழந்தைகளோடு முதல் கப்பல் பயணம்: ஏறும் நாளும் மறுநாளும் செய்ய வேண்டியவை

கேள்வி: அடுத்த மாதம் ஏழு இரவு குரூஸ் பயணம் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், இரண்டரை வயது மகன், 68 வயது மாமியார். எல்லோருக்கும் இதுதான் முதல் கப்பல். முதல் நாள் பெரிய குழப்பமாக இருக்கும் என்கிறார்கள். மகளுக்குக் காரில் போனாலே வாந்தி வரும். முதல் இரண்டு நாளும் எதை எப்படிச் செய்வது?

பதில்: குழப்பம் உண்மைதான். நீங்கள் ஏறும் அதே நாள் காலையில்தான் முந்தைய பயணிகள் இறங்குகிறார்கள். சில மணி நேரத்துக்குள் அத்தனை கேபின்களையும் சுத்தம் செய்து, ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஏற்றி, உங்களையும் ஏற்ற வேண்டும். அதனால் நண்பகல் வாக்கில் ஏறினாலும் கேபின் கிடைக்க ஒரு மணி, ஒன்றரை மணி ஆகலாம். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி மாலையில் வரும், சில சமயம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வரும். ஆக, முதல் அரை நாள் உங்கள் குடும்பம் கைப்பையை நம்பித்தான் இருக்கப்போகிறது. அதைச் சரியாகக் கட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: எல்லோருடைய பாஸ்போர்ட், விசா, போர்டிங் பாஸ். மாமியாரின் மாத்திரைகள் ஒரு நாளுக்கானவை மட்டும் போதாது, பயணம் முழுவதற்குமானவை, மருந்துச் சீட்டோடு. மகனுக்கு ஆறேழு டயாப்பர், ஈரத் துடைப்பான், இரண்டு மாற்றுடை. மகளுக்கு நீச்சல் உடை, வாந்தி மாத்திரை, இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைகள். சார்ஜர்கள், பவர் பேங்க். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் போட்டு ஒப்படைத்துவிட்டு, செக்-இன் மேசையில் வந்து தேடும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பெட்டி கிடைக்கும்வரை ஏற முடியாது.

பெட்டியில் ஒட்டும் லக்கேஜ் டேக்கை வீட்டிலேயே அச்சிட்டு, மேலே அகலமான டேப் ஒட்டி, கைப்பிடியில் ஸ்டேப்பிள் செய்யுங்கள். பெட்டிக்குள்ளும் பெயர், கப்பல் பெயர், புறப்படும் தேதி, கேபின் எண் எழுதிய தாளை வையுங்கள். வெளி டேக் கிழிந்தால் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அயர்ன் பாக்ஸ், கெட்டில், சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறும்போது கருவிகளைக் காக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றையும் கொண்டுபோகாதீர்கள். கப்பலின் மின்சார அமைப்பு வீட்டில் இருப்பதுபோல எர்த் செய்யப்பட்டதல்ல. அதில் பழுது ஏற்படும்போது சர்ஜ் புரொடெக்டர் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரேயில் இவை தெரிந்தால் பெட்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பெட்டி மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். வரவேற்பு மேசையில் கேளுங்கள். பல யூஎஸ்பி துளைகள் கொண்ட சாதாரண சார்ஜருக்குத் தடை இல்லை.

விசா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஏறிய நாட்டை விட்டு வேறு நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்பினால், அது இரண்டாம் நுழைவு. ஒருமுறை நுழைவு விசா அதற்குப் போதாமல் போகலாம். இதை இப்போதே பாருங்கள். விமானத்தில் போய்க் கப்பல் ஏறுவதானால் முந்தைய நாளே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். கப்பல் கிளம்ப ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு முன் செக்-இன் மூடிவிடும். தாமதமான விமானத்துக்காகக் கப்பல் காத்திருக்காது.

ஏறியதும் எங்கே போவது?

எல்லோரும் நேரே பஃபேக்குத்தான் போவார்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அங்கே மேசை கிடைப்பது அபூர்வம். பல கப்பல்களில் முதல் நாள் மதியம் பிரதான உணவறையும் திறந்திருக்கும், ஆனால் கூட்டத்துக்கு அது தெரியாது. கப்பலின் ஆப்பை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்திருந்தால் அன்றைய அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் யாருக்காவது உணவு ஒவ்வாமை இருந்தால், பயணத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்திருந்தாலும், அன்று மதியமே உணவறைத் தலைமைப் பணியாளரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து சிறுவர் கிளப். மகளின் பதிவை அன்றே முடித்துவிடுங்கள். யார் வந்து அழைத்துப்போகலாம் என்று எழுதிக் கேட்பார்கள். மாமியாரின் பெயரையும் சேருங்கள். குழந்தை தானே வெளியேறலாம் என்ற அனுமதிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். எட்டு வயதுக்கு அத்தனை பெரிய கப்பலில் அது வேண்டாம். மகன் விஷயம் வேறு. பெரும்பாலான கிளப்கள் மூன்று வயது நிரம்பி, டயாப்பர் இல்லாத குழந்தைகளைத்தான் சேர்க்கும். சில கப்பல்களில் சின்னக் குழந்தைகளுக்கான நர்சரி இருக்கும். இடம் குறைவு, மணிக் கணக்கில் முன்பதிவு. அது ஏறுவதற்கு முன்பே ஆன்லைனில் திறக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாவிட்டால், சாப்பாட்டுக்கும் முன்னால் முதலில் அங்கே போய் நில்லுங்கள்.

பிறகு பாதுகாப்புப் பயிற்சி, அதாவது மஸ்டர். இதைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. அதனால் அன்று ஏறிய பலர் பயிற்சி எதையும் பார்த்திருக்கவில்லை. புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி 2015 ஜனவரி 1 முதல் மாறியது. இப்போது பல கப்பல்களில் போனிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, அவசரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடமான மஸ்டர் ஸ்டேஷனுக்கு நேரில் போய், கேபின் சாவியாகவும் செலவுக்கும் பயன்படும் கப்பல் அட்டையை ஸ்கேன் செய்தால் முடிந்தது. ஏறியதும் செய்துவிட்டால் வரிசை இருக்காது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும்தான் அவசர அறிவிப்பு. மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் எடையைப் பொறுத்தது. 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அளவு. உங்கள் மகனுக்கு அநேகமாக முதல் வகை தேவைப்படும். அவை எங்கே இருக்கின்றன, கேபினிலா ஸ்டேஷனிலா என்று கேபின் பணியாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பிள்ளைகளுக்கு மஸ்டர் எண் அச்சிட்ட கைப்பட்டை தந்தால் கழற்ற விடாதீர்கள். அவசர நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. மாமியாரால் படி ஏற முடியாது என்றால் வரவேற்பு மேசையில் சொல்லி, உதவி தேவைப்படுவோர் பட்டியலில் பெயர் சேர்த்துவிடுங்கள்.

கேபினுக்குள் நுழைந்ததும்

பால்கனி இருந்தால் முதல் வேலை, நாற்காலியையும் குட்டி மேசையையும் கைப்பிடித் தடுப்பிலிருந்து தள்ளி வைப்பது. இரண்டரை வயதுக்கு நாற்காலி ஏணிதான். கதவின் மேல் தாழ்ப்பாளைப் பெரியவர்கள் மட்டுமே தொட வேண்டும். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக் கதவையும் திறந்தால் காற்றழுத்தத்தில் அது படாரென்று சாத்தும். பிள்ளைகளின் விரல் நசுங்குவது அப்படித்தான்.

குளியலறை வாசலில் உயர்ந்த விளிம்பு இருக்கும், மாமியாருக்குக் காட்டிவிடுங்கள். கழிப்பறை காற்றுறிஞ்சி முறையில் இயங்குவது. ஈரத் துடைப்பானைப் போட்டால் குழாய் அடைத்து, பக்கத்துக் கேபின்களின் கழிப்பறையும் நின்றுபோகும். டயாப்பரை மூடிப் போட பை எடுத்துப்போங்கள். மேலடுக்குப் படுக்கை மகளுக்குச் சரி, மகனுக்குக் கூடவே கூடாது. அவனுக்குத் தொட்டில் கட்டில் வேண்டும் என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். ஜன்னலில்லாத கேபின் விளக்கணைத்தால் கும்மிருட்டாகிவிடும், சின்ன இரவு விளக்கு உதவும். பெரும்பாலும் சுவர் எஃகு என்பதால் நான்கைந்து காந்தக் கொக்கிகள் இருந்தால் ஈரத்துணி, தொப்பி, அட்டைகள் தரையில் கிடக்காது.

மகளின் வாந்தி

கண் பார்ப்பதும் காதின் உட்பகுதி உணர்வதும் பொருந்தாதபோது குமட்டல் வருகிறது. 2 முதல் 12 வயதுவரை இது அதிகம். காரில் வருபவர்களுக்குக் கப்பலிலும் வரலாம். பெரிய கப்பல்களின் பக்கவாட்டில் நீருக்கடியில் நீளும் துடுப்பு போன்ற தகடுகள் இட வல ஆட்டத்தைக் குறைக்கும். முன்பின்னாக ஏறி இறங்கும் ஆட்டத்தை அவற்றால் அடக்க முடியாது. ஆட்டம் மிகக் குறைந்த இடம் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். கேபின் மேலே முனையில் இருந்தால், முதல் மாலையை நடுப்பகுதியில் கழியுங்கள்.

மாத்திரையை வாந்தி வந்தபிறகு கொடுத்தால் வயிற்றில் தங்காது. கப்பல் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு வழக்கமாகத் தரப்படுவது டைமென்ஹைட்ரினேட். அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். பலருக்குத் தூக்கம் வரும், சில குழந்தைகள் நேர்மாறாகப் பரபரப்பாவார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமின் பட்டை குழந்தைகளுக்கு ஆகாது. மாமியாருக்கும் இந்த மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம். க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் ஆபத்து, வயதானவர்களுக்கு மனக்குழப்பமும் வரலாம்.

வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டவும் கூடாது. உலர்ந்த லேசான உணவு நல்லது. குமட்டும்போது போனையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டு, திறந்த டெக்கில் நிறுத்தித் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும்.

வாந்தியோடு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ சேர்ந்தால் அது கப்பல் ஆட்டத்தால் வருவதாக இருக்காது, வயிற்றுத் தொற்றாக இருக்கலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ் தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வெளிப்படும். முதல் நாள் தொற்றியது இரண்டாம், மூன்றாம் நாளில் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்காமல், கேபினிலிருந்தே மருத்துவ மையத்துக்குப் போன் செய்யுங்கள். சானிடைசர் இந்த வைரஸை நன்றாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான், 20 நொடி.

மறுநாள்

மகனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: டயாப்பர் போடும் குழந்தைகளை, நீச்சல் டயாப்பராக இருந்தாலும், பல கப்பல்களில் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். அதே நீர் சுழன்று வடிகட்டப்படுவதால் ஒரு குழந்தையின் கழிவு மொத்தக் குளத்தையும் மூட வைக்கும். குட்டிகளுக்கெனத் தனித் தண்ணீர் விளையாட்டிடம் இருக்கிறதா என்று பாருங்கள். உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் நிற்பதில்லை, மகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் குளத்தின் ஓரத்தில் இருந்தாக வேண்டும். காற்று வீசுவதால் வெயில் உறைக்காது, தோல் மட்டும் கருகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

போன்கள் கிளம்பும்போதே ஏர்பிளேன் மோடில் இருக்கட்டும், பிறகு கப்பல் வைஃபையை மட்டும் திறக்கலாம். நடுக்கடலில் போன் தானாகப் பிடிக்கும் கடல்வழி நெட்வொர்க் சாதாரண ரோமிங் திட்டத்தில் பெரும்பாலும் அடங்காது. கப்பல் அட்டைக்குக் கிரெடிட் கார்டை இணையுங்கள். டெபிட் கார்டு என்றால் செலவுக்குமேல் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், அது விடுபடப் பயணம் முடிந்தபின் பல நாள் ஆகலாம். மகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை வரவேற்பு மேசையில் நிறுத்தச் சொல்லுங்கள்.

மறுநாளே துறைமுகத்தில் நின்றால், நீங்கள் திரும்ப வேண்டிய நேரம் கப்பல் நேரப்படிதான். கரை இறங்கியதும் போன் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறி ஒரு மணி நேரம் ஏமாற்றலாம். கப்பல் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்குக் கொண்டுபோகும் இடமானால், படகில் மடக்கிய ஸ்ட்ரோலர் மட்டுமே ஏறும், அலையில் கால் மாற்றி வைத்து ஏற வேண்டியிருக்கும். மாமியாரின் முழங்கால் அதற்கு ஒத்துழைக்குமா என்று முந்தைய மாலையே கேட்டு முடிவு செய்யுங்கள்.